சூப்பர்ஹீரோ காமிக்ஸின் காலங்களை எங்கே வெட்டுவது?

ஜூன் 3

பொற்காலம், வெள்ளிக் காலம், வெண்கலக் காலம், அப்புறம் நவீன காலம். அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸைப் பற்றி யார் எழுதினாலும் இந்த நான்கு அறைகளில்தான் அடுக்குகிறார்கள். 1938-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் வந்தார், பொற்காலம். 1956-இல் ஷோகேஸ் நான்காம் இதழில் புதிய ஃப்ளாஷ் வந்தார், வெள்ளி. 1970 வாக்கில் வெண்கலம். 1986-இல் வாட்ச்மென் வந்ததிலிருந்து நவீனம்.

எனக்கு இந்தப் பிரிப்போடு நீண்ட நாள் சண்டை. ஒவ்வொரு கோடும் ஒரு நாயகனின் வருகையிலோ ஒரு கதையின் போக்கிலோ போடப்பட்டிருக்கிறது. நான் சொல்வது இதுதான்: புத்தகம் எங்கே விற்றது, என்ன விலைக்கு விற்றது, அதை வண்டியில் ஏற்றியவர் யார் என்று பாருங்கள். கதை மாறியதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம், கேட்கத் தயார்.

ஜூன் 3, இரவு

முதலில் பத்து சென்ட்.

1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸின் விலை 10 சென்ட், பக்கங்கள் 64. அதில் சூப்பர்மேன் கதை வெறும் 13 பக்கம். மீதியில் ஸதாரா என்ற மந்திரவாதி, குதிரைவீரர் கதை என்று என்னென்னவோ. அடுத்த ஆண்டு டிடெக்டிவ் காமிக்ஸ் 27-இல் பேட்மேன் அறிமுகமான கதை ஆறே பக்கம். இரண்டையும் மறுபதிப்பில் தனியாகப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவசர அவசரமாக ஓடும் கதைகள். ஆனால் அவை தனியாகப் படிக்க எழுதப்பட்டவையே இல்லை. நம்மூர் வார இதழில் ஒரு தொடர்கதைக்குப் பக்கத்தில் துணுக்கு, துணுக்குக்குப் பக்கத்தில் சமையல் குறிப்பு வருவதைப் போல ஒரு கதம்பத்தின் நடுவில் வந்தவை.

அந்த 10 சென்ட் 1961 வரை அப்படியே நின்றது. 23 ஆண்டுகள்! ஆனால் காகிதம், கூலி எல்லாம் ஏறின. விலையை ஏற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை, ஆகவே பக்கங்களைக் குறைத்தார்கள். 64 தேய்ந்து ஐம்பதுகளில் 32-க்கு வந்து நின்றது. கதம்ப இதழ் செத்தது இப்படித்தான். அந்த 32-இலும் விளம்பரம் போக மீதியில் எத்தனை பேரைத் திணிக்க முடியும்? ஒரு நாயகனுக்கு ஒரு புத்தகம் என்ற ஏற்பாடு பழகியது.

ஜூன் 4

ஒரு நண்பர் கேட்கிறார்: 1954-இல் வந்த காமிக்ஸ் தணிக்கைதானே பொற்காலத்தைக் கொன்றது, அதுவும் உங்கள் கணக்குக்குப் பொருந்துமே என்று.

பொருந்தும், ஆனால் நீங்கள் சொல்லும் விதத்தில் இல்லை. தேதிகளைப் பாருங்கள். கேப்டன் அமெரிக்கா இதழ் 1950-க்குள் நின்றுவிட்டது. ஆல் ஸ்டார் காமிக்ஸ் 1951-இல் 57-ஆம் இதழோடு நாயகர் கூட்டத்தைக் கைவிட்டு, அடுத்த இதழிலேயே கௌபாய் கதைகளுக்கு மாறியது. நாற்பதுகளில் சூப்பர்மேனையே விற்பனையில் முந்திய கேப்டன் மார்வெலை அதன் பதிப்பாளர் 1953-இல் நிறுத்தினார். அதற்கு சூப்பர்மேன் பதிப்பாளர் தொடுத்த வழக்கும் ஒரு காரணம், விற்பனைச் சரிவும் ஒரு காரணம். தணிக்கை விதிகள் 1954 கடைசியில்தான் வருகின்றன. அதற்குள் நாயகர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் என்று சிலர்தான் தாக்குப்பிடித்தார்கள்.

போர் முடிந்ததும் ரசனை மாறியது. முகாம்களில் காமிக்ஸ் வாங்கிக் குவித்த சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். 1947-இல் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யங் ரொமான்ஸ் என்ற காதல் இதழைத் தொடங்கி நல்ல பணம் பார்த்தார்கள். கேப்டன் அமெரிக்காவைப் படைத்த அதே இருவர்! ஹிட்லரின் தாடையில் குத்துவிடும் அட்டையோடு, பேர்ல் ஹார்பருக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே அந்த முதல் இதழைக் கடைக்கு அனுப்பியவர்கள். காதல், குற்றம், கௌபாய், திகில். கடைத்தட்டு இவர்கள் கைக்குப் போனது.

தணிக்கை கொன்றது அந்தத் திகிலையும் குற்றத்தையும்தான். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களே கூடாது. ரத்தக்காட்டேரி கூடாது, நடமாடும் பிணம் கூடாது. போலீஸ்காரரையும் நீதிபதியையும் மதிப்புக் குறைவாகக் காட்டக்கூடாது. ஒவ்வொரு கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும். இந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இதற்குள் சிரமமில்லாமல் அடங்குகிறவர் யார்? முகமூடியும் மேலங்கியும் போட்ட நல்லவர். போட்டியாளர்கள் எல்லோரையும் வெளியே தள்ளி நாயகர்களுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது தணிக்கை. 1956-இன் ஃப்ளாஷ் அந்தக் காலி இடத்தில்தான் ஓடி வந்தார்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிடக்கூடாது. அந்தத் தணிக்கை அரசுச் சட்டம் இல்லை. 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் செனட் துணைக்குழு விசாரணை நடந்தது, ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சாட்சி சொன்னார், எல்லாம் சரி. ஆனால் விதிகளை எழுதிக்கொண்டது பதிப்பாளர்களே அமைத்த சங்கம். மீறினால் சிறை கிடையாது. அப்படியானால் எல்லோரும் ஏன் பயந்தார்கள்? அட்டையில் தபால்தலை போன்ற சங்கத்தின் ஒப்புதல் முத்திரை இல்லாத புத்தகத்தை விநியோகஸ்தர் எடுக்க மாட்டார், கடைக்காரர் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவார். அதிகாரம் முழுக்க லாரியிலும் கடைத்தட்டிலும் இருந்தது. டெல் என்ற பெரிய பதிப்பகம் அந்தச் சங்கத்தில் சேரவே இல்லை. அவர்களுடைய டிஸ்னி கதைகளை எந்தக் கடைக்காரரும் மறுக்கவில்லை.

ஜூன் 6

இன்று என் கட்சிக்குப் பலமான சாட்சி. ஸ்பைடர்-மேனின் பதிப்பகமான மார்வெலும் எட்டு புத்தகங்களும்.

ஐம்பதுகளில் மார்வெல் என்ற பெயர் இல்லை, பெரும்பாலும் அட்லஸ் என்றே அறியப்பட்டது. உரிமையாளர் மார்ட்டின் குட்மேன் சொந்த விநியோகத்தை மூடிவிட்டு அமெரிக்கன் நியூஸ் என்ற பெரிய நிறுவனத்திடம் போனார். 1957-இல் அந்த நிறுவனம் அந்தத் தொழிலையே விட்டது. நடுத்தெருவில் நின்ற குட்மேனுக்குக் கிடைத்த ஒரே வண்டி, சூப்பர்மேனைப் போடும் போட்டியாளர் டிசியின் சகோதர நிறுவனமான இண்டிபென்டென்ட் நியூஸ். அவர்கள் போட்ட நிபந்தனை: மாதம் எட்டு இதழ்கள்தான் எடுப்போம்.

எட்டு! இரு மாத இதழ்களாக ஆக்கி 16 தலைப்புகளை ஓட்டினார்கள். 1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் பிறந்தது இந்த நெருக்கடிக்குள்தான். டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ் இதழில் அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொண்டதும், டேல்ஸ் டு அஸ்டானிஷ் இதழில் ஹல்க்கும் சப்-மரைனரும் ஒண்டுக்குடித்தனம் இருந்ததும், ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸில் டாக்டர் ஸ்ட்ரேஞ்சுடன் நிக் ஃபியூரி சேர்ந்ததும் இடப் பஞ்சத்தால்தான். 1968-இல் கட்டு அவிழ்ந்தது, ஒரே ஆண்டில் எல்லோரும் தனித்தனி இதழாகப் பிரிந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பஞ்சமே நல்ல விளைவைத் தந்ததுதான். மொத்தமே கைக்குள் அடங்கும் எண்ணிக்கை என்பதால் மார்வெலின் ஆசிரியர் ஸ்டான் லீ எல்லாவற்றையும் ஒரே ஆளாக மேற்பார்க்க முடிந்தது. ஒரு கதையில் உடைந்த சுவர் இன்னொரு கதையில் பேச்சில் வந்தது. ஒரு வாசகனின் பாக்கெட் காசில் மாதம் முழுவதும் வந்த அத்தனையையும் வாங்கிவிட முடிந்தது. எல்லோரும் ஒரே நியூயார்க்கில் வசிக்கிறார்கள் என்ற உணர்வு அப்படித்தான் உருவானது. முதலிலேயே மாதம் நாற்பது இதழ் போட அனுமதி இருந்திருந்தால் அந்த நெருக்கம் வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஜூன் 7

விலை பற்றி இன்னொன்று. 1961-இல் டெல் துணிந்து 15 சென்ட்டுக்குப் போனது, அடி வாங்கியது. மற்றவர்கள் 12-இல் நிறுத்தினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1971-இல், டிசி பக்கங்களைக் கூட்டி 25 சென்ட் வைத்தது. மார்வெலும் 25-க்கு ஏறியது. ஒரே ஒரு மாதம். அடுத்த மாதமே பக்கத்தைக் குறைத்து 20-க்கு இறங்கிவிட்டது. டிசி அந்தக் கனத்த புத்தகங்களோடு ஓராண்டு மாட்டிக்கொண்டது. மார்வெல் முதலிடத்துக்கு வந்தது அந்த இடைவெளியில். ஜாக் கிர்பி 1970-இல் மார்வெலை விட்டு டிசிக்குப் போய் தன் கனவுக் கதைகளை வரைந்துகொண்டிருந்த நேரம் அது. அவருடைய புத்தகங்களும் 25 சென்ட்டில் சிக்கின. இதை நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஜூன் 9

"அப்போ ஸ்பைடர்-மேனின் காதலி க்வென் ஸ்டேசியின் சாவு? அதையும் விலைப்பட்டியலில் கண்டுபிடிப்பீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அமேசிங் ஸ்பைடர்-மேன் 121, 1973 ஜூன். வில்லன் கிரீன் காப்ளின் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளுகிறான். ஸ்பைடர்-மேன் வலையை வீசுகிறான், வலை அவள் காலைப் பிடிக்கிறது. கில் கேன் வரைந்த அந்தக் கட்டத்தில் அவள் தலை பின்னால் மடங்கியிருக்கிறது, கழுத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஸ்னாப்' என்று ஒரு ஓசைக்குறிப்பு. அவ்வளவுதான். ஸ்பைடர்-மேன் பிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தபடியே அவளை மேலே இழுக்கிறான். பக்கத்தைத் திருப்பும் வரை அவனுக்குத் தெரியாது. கண்ணில் படாமல் போகக்கூடிய அந்தச் சிறிய எழுத்தை வாசகர்கள் பார்த்துவிட்டார்கள். அவள் இறந்தது விழுந்ததாலா, பிடித்ததாலா என்று கடிதங்கள் வந்தன, கடிதப் பக்கத்தில் பதில் சொல்ல வேண்டிவந்தது.

இதை விநியோகம் எழுதவில்லை. ஜெர்ரி கான்வே எழுதினார், அப்போது அவருக்கு இருபது வயதுதான். ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இதை எழுத அனுமதித்த சூழல் ஒன்று உண்டு. அதை நாளை எழுதுகிறேன், இன்று வேலை இருக்கிறது.

ஜூன் 10

அறுபதுகளின் தொடக்கம் வரை ஆசிரியர்கள் வைத்திருந்த கணக்கு இது: பையன் எட்டு வயதில் வருவான், பன்னிரண்டு, பதின்மூன்றில் போய்விடுவான். ஆகவே பழைய கதையைச் சில ஆண்டு கழித்துப் பூசிமெழுகி மறுபடி போடலாம், யாருக்கும் நினைவிருக்காது. எதுவும் நிரந்தரமாக மாறக் கூடாது. சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேனுக்குக் கல்யாணம் ஆனாலும் கடைசிக் கட்டத்தில் அது கனவாகிவிட வேண்டும்.

ஸ்பைடர்-மேன் 1962-இல் வந்தான். அவனைப் பத்து வயதில் படிக்கத் தொடங்கியவனுக்கு 1973-இல் இருபத்தொன்று. அவன் போகவில்லை! அதுதான் புதிய விஷயம். க்வென்னை அவன் பல ஆண்டுகளாக அறிவான். சாவு வலிக்க வேண்டுமென்றால் நினைவு வேண்டும், நினைவு வேண்டுமென்றால் வாசகன் தங்க வேண்டும்.

ஆகவே என் முதல் நாள் வாதத்தில் ஒரு திருத்தம் சேர்க்கிறேன். கடை ஒரு அளவுகோல். வாசகன் எத்தனை ஆண்டு தங்குகிறான் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் எழுபதுகள் விளங்கும்.

தணிக்கையும் இங்கே வருகிறது. 1971-இல் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையே கேட்டுக்கொண்டதால் ஸ்டான் லீ போதைப்பொருளுக்கு எதிரான கதை எழுதினார். போதைப்பொருளைக் காட்டவே கூடாது என்று தணிக்கை முத்திரையை மறுத்தது. அமேசிங் ஸ்பைடர்-மேன் 96, 97, 98 மூன்று இதழ்களும் முத்திரை இல்லாமலே வந்தன, நன்றாகவே விற்றன. அதே ஆண்டில் விதிகள் தளர்ந்தன. தடை நீங்கிய கையோடு ரத்தக்காட்டேரி மார்பியஸ், அப்புறம் ஓநாய்மனிதன், அப்புறம் டிராகுலா என்று வரிசையாக வந்து நின்றார்கள். 1973-இல் காட்டேரி வேட்டைக்காரன் பிளேடு அறிமுகமானதும் அந்த டிராகுலா இதழில்தான்.

ஜூன் 10, இரவு

1973-இல் இன்னொன்றும் நடந்தது, எந்த நாயகனும் இல்லாத நிகழ்ச்சி. ப்ரூக்ளினில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபில் சூலிங் பதிப்பாளர்களிடம் போய் ஒரு பேரம் பேசினார்: எனக்குத் தள்ளுபடி அதிகம் கொடுங்கள், விற்காததைத் திருப்பித் தர மாட்டேன்.

ஏன் அது பெரிய விஷயம்? பழைய ஏற்பாட்டில் கடைக்காரர் விற்காத பிரதிகளைத் திருப்பலாம். முழுப் புத்தகத்தையும் அனுப்பக்கூட வேண்டாம், அட்டையின் மேல்பகுதியைக் கிழித்து அனுப்பினால் பணம் திரும்பும். அச்சடித்ததில் பாதிக்கு மேல் வீணாவது சாதாரணம். சூலிங்கின் வழியில் அந்த வீண் இல்லை, காமிக்ஸ் மட்டுமே விற்கும் தனிக்கடைகள் அந்த வழியில்தான் வளர்ந்தன. திருவல்லிக்கேணி நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய ஒரு இதழில் அட்டையின் மேல் மூன்றில் ஒரு பங்கு இல்லை. நேர்க்கோட்டில் கிழிக்கப்பட்டிருக்கிறது. பெயர், விலை, முத்திரை எல்லாம் போய், நாயகனின் மார்புக்குக் கீழே மட்டும் மிச்சம். கணக்கில் அழிந்துபோன புத்தகம் அது. யார் கையில் மாறி எப்படிக் கடல் கடந்ததோ, என் அலமாரியில் இருக்கிறது.

இன்னொன்று எண்பதுகளின் ஸ்பைடர்-மேன். அட்டையின் கீழ்மூலையில் பார்கோடு இருக்க வேண்டிய கட்டத்தில் ஸ்பைடர்-மேன் முகம் வரைந்திருக்கும். சின்ன வயதில் அதை அழகுக்குப் போட்டது என்றே நினைத்தேன். அதன் அர்த்தம்: இது காமிக்ஸ் கடைக்குப் போகும் பிரதி, திருப்ப முடியாது. மருந்துக்கடை, பஸ் நிலையத்துக்குப் போனதில் பார்கோடு. ஒரே கதை, ஒரே மாதம், இரண்டு உலகம். வெண்கலத்துக்கும் நவீனத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால் அந்தச் சிறிய கட்டத்தைத்தான் காட்டுவேன்.

ஜூன் 12

1981-இல் மார்வெல் டாஸ்லர் என்ற புதிய தொடரின் முதல் இதழைக் காமிக்ஸ் கடைகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தது. நாலு லட்சத்துக்கும் மேல் போனது. தங்கிவிட்ட வாசகனை நேராகப் பிடிக்கலாம் என்பது அன்று உறுதியானது. 1986-இல் ஃப்ராங்க் மில்லரின் டார்க் நைட் இதழ் ஒன்று 2 டாலர் 95 சென்ட். சாதாரண இதழ் 75 சென்ட் விற்ற நேரத்தில்! பஸ் நிலையத்தில் மிட்டாய்க்குப் பக்கத்தில் அதை வைத்தால் எந்தப் பையன் வாங்குவான்? ஐம்பது வயது தாண்டிய, களைத்த பேட்மேனின் கதையை வாங்க முப்பது வயது ஆள் வரும் கடை முதலில் தேவைப்பட்டது. கடை வந்தது, கதை வந்தது.

மில்லரின் திறமையையோ வாட்ச்மென் எழுதிய ஆலன் மூரின் திறமையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. வாட்ச்மெனைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் நான். எழுதியதைக் கொண்டுசேர்க்கும் வழி அப்போதுதான் திறந்திருந்தது என்கிறேன்.

ஜூன் 13

நம்மூரில் படித்த காமிக்ஸ் இந்தக் காலங்களில் எங்கே பொருந்தும் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ஃபான்டம், அதாவது நம் வேதாளர், 1936-இலேயே உடலோடு ஒட்டிய உடையும் முகமூடியுமாக வந்துவிட்டார், சூப்பர்மேனுக்கு இரண்டு ஆண்டு முன்பு. மாண்ட்ரேக் 1934. இருவரும் நாளிதழ்ப் படத்தொடர்கள், ஆகவே தங்கம் வெள்ளி எதிலும் சேர்க்க மாட்டார்கள். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி 1962-இன் பிரிட்டிஷ் வார இதழ்க்காரர், அமெரிக்கத் தணிக்கைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் நம் தலைமுறைக்கு இந்தக் காலப் பிரிவுகள் அந்நியமாக இருக்கின்றன. எல்லாம் ஒரே அலமாரியில், ஒரே சமயத்தில் நமக்குக் கிடைத்தன.

ஜூன் 15

தொண்ணூறுகளைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனமில்லை. 1991-இல் எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. அத்தனை வாசகர்கள் கிடையாது. ஒருவரே ஐந்தும் வாங்கினார், பத்தும் வாங்கினார், பிற்காலத்தில் பணமாகும் என்று பிரிக்காமல் வைத்தார். 1992-இல் சூப்பர்மேன் இறந்த இதழைக் கறுப்பு உறையில் போட்டார்கள். அந்த உறைகளில் எத்தனையோ இன்னும் பிரிக்கப்படவில்லை. 1938 இதழ் விலை போவது அது அரிது என்பதால். படித்துக் கிழித்தார்கள், போர்க்காலத்தில் பழைய காகிதமாகக் கொடுத்தார்கள், மிஞ்சியது சொற்பம். லட்சக்கணக்கில் பத்திரப்படுத்தியது எப்படி அரிதாகும்? கடைகள் ஆயிரக்கணக்கில் மூடின. மார்வெல் 1994 கடைசியில் சொந்தமாக ஒரு விநியோக நிறுவனத்தை வாங்கிக் குழப்பத்தைக் கூட்டியது, 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. மிஞ்சிய ஒரே பெரிய விநியோகஸ்தர் டயமண்ட்.

ஜூன் 16

"வெள்ளி என்ற பெயரை வைத்தது யார்?" வாசகர்கள்தான். 1966-இல் ஜஸ்டிஸ் லீக் 42-ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதினார்: பொற்கால நாயகர்களை இப்படியே திரும்பக் கொண்டுவந்தால் இன்னும் இருபது ஆண்டில் இந்தப் பத்தாண்டை வெள்ளி அறுபதுகள் என்பார்கள் என்று. பெயர் வைத்த அந்த அன்பை நான் மதிக்கிறேன். என் சண்டை கோடு போட்ட இடத்தோடுதான்.

ஜூன் 18

என் அளவுகோல் சரியென்றால் நாம் நிற்பது நவீன காலத்திலேயே இல்லை. 2020-இல் டிசி டயமண்டை விட்டு விலகியது, 2021-இல் மார்வெல் பெங்குவின் ரேண்டம் ஹவுஸுக்குப் போனது, 2025 ஜனவரியில் டயமண்டே திவால் மனு கொடுத்தது. 1957-க்குப் பிறகு வண்டி இவ்வளவு பெரிதாக மாறியது இப்போதுதான். தணிக்கை முத்திரையும் இல்லை: மார்வெல் 2001-இல் கழற்றியது, டிசி 2011-இல். கதை எப்படி மாறும் என்று ஆருடம் சொல்ல மாட்டேன். ஆனால் கோடு விழுந்துவிட்டது.

ஜூன் 19

பன்னிரண்டு வயது மகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்ட அம்மாவுக்கு: வரிசையைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1961 செப்டம்பரின் ஃப்ளாஷ் 123-ஐத் தேடிக் கொடுங்கள், மறுபதிப்பு கிடைக்கிறது. புதிய ஃப்ளாஷ், தான் சிறுவயதில் காமிக்ஸில் படித்த பழைய ஃப்ளாஷை இன்னொரு பூமியில் நேரில் சந்திக்கிறார். கார்மைன் இன்ஃபான்டினோவின் அட்டையில் நடுவில் ஒரு சுவர், இரண்டு பக்கமும் இருவரும் ஒரே மனிதரைக் காப்பாற்ற ஓடி வருகிறார்கள். வன்முறை இல்லை, முன்கதை தெரிய வேண்டியதில்லை. பிடித்திருந்தால் அடுத்து ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் செய்த ஸ்பைடர்-மேன். 121-ஐ மட்டும் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதல் நூறு இதழ்களில் க்வென்னை அவள் நன்றாகப் பழகிக்கொள்ளட்டும்.